மயக்கத்தின் ஆழம் எவ்வளவு?

அறுவைச் சிகிச்சைக் கூடத்தில், மேசைமீது ஒரு நோயாளி படுத்திருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. கையோ காலோ அசையவில்லை. மூச்சைக்கூட ஓர் இயந்திரம்தான் உள்ளே செலுத்தி வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கிறார். இவர் உண்மையிலேயே உணர்விழந்து கிடக்கிறாரா? அல்லது எல்லாம் தெரிந்தும் சொல்ல முடியாமல் கிடக்கிறாரா?

அவரையே கேட்டுவிடலாம் என்றால் அவரால் பதில் சொல்ல இயலாது. கடலின் ஆழத்தை அளக்கக் கயிறும் ஈயக்குண்டும் உண்டு. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மயக்கத்தின் ஆழத்தை அளக்க என்ன உண்டு? மயக்க மருந்துகள் மருத்துவத்துக்குள் வந்த நாள் தொட்டு இன்றுவரை இக்கேள்வி தொடர்கிறது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டுமன்றி, அளவீடு என்றால் என்ன என்று சிந்திக்கும் எவருக்கும் பயன்தரும்.

முதல் நாளிலேயே எழுந்த சிக்கல்

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி நடந்தது. அதைக் காணச் சென்றிருந்தார் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணரவில்லை என்பதை அவர் கவனித்தார். மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை. 1845 ஜனவரியில் போஸ்டன் நகரில், மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் இதைச் செய்துகாட்டினார். ஆனால் பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் வெல்ஸை ஏளனம் செய்தனர். மருந்து பொய்யன்று, மயக்கம் போதுமான ஆழத்தை எட்டவில்லை. அதை முன்கூட்டியே அறிய அவரிடம் வழி இல்லை.

1846 அக்டோபர் 16 அன்று, அதே போஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி கதறவில்லை. மயக்க மருத்துவத்தின் பிறந்தநாளாக அந்நாளை உலகம் கொண்டாடுகிறது. அந்த நோயாளி பின்னர் என்ன கூறினார் தெரியுமா? வலி தெரியவில்லை, ஆனால் அறுவை நடந்துகொண்டிருப்பது தெரிந்தது என்றார். ஆக, அரைமயக்கத்தில் நினைவு விழித்திருந்ததும் அந்தப் பிறந்தநாளிலேயே பதிவாகிவிட்டது.

ஜான் ஸ்நோவின் ஐந்து படிகள்

லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ, 1854-இல் காலரா குடிநீர் வழியே பரவுவதை ஆராய்ந்து நிறுவியவராகவே பலருக்கும் அறிமுகம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஈதரை ஆராய்ந்தார். மற்றவர்கள் கடற்பஞ்சில் ஈதரை ஊற்றி முகர வைத்துக்கொண்டிருந்தபோது, இவர் இயற்பியலில் இருந்து தொடங்கினார்.

ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும் திரவம். அதன் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு விரைவாக உயரும். எனவே குளிர்ந்த அறையில் முகரும் காற்றில் ஈதர் குறைவு. வெதுவெதுப்பான அறையில் மிகுதி. ஒரே கருவி ஒரு நாள் மயக்கி, மறுநாள் மயக்காமல் போவதன் இரகசியம் இதுதான். ஸ்நோ தம் கருவியை நீர்த்தொட்டியில் அமர்த்தி வெப்பநிலையை நிலைப்படுத்தினார். உள்ளே செல்லும் மருந்தின் அளவு இப்போது கைக்குள் வந்தது.

1847-இல் வெளியிட்ட நூலில், ஈதர் மயக்கத்தை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் நோயாளி தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறிவார். இரண்டாவதில் நினைவு குழம்பும். மூன்றாவதில் மனத்தின் செயல் ஏதும் வெளிப்படாது. நான்காவதில் மூச்சைத் தவிர வேறு அசைவு இராது. ஐந்தாவதில் அந்த மூச்சும் தடுமாறும். இப்படியை விலங்குகளில் மட்டுமே கண்டதாக அவர் எழுதினார். மயக்கத்திற்கு ஆழம் உண்டு, அது படிப்படியானது, அதை உடலின் குறிகளைக் கொண்டு அறியலாம் என்ற கருத்து இவ்வாறு உருப்பெற்றது.

நாடியா, மூச்சா?

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபாரத்தைப் புகுத்தினார். மணம் இனியது, விரைவில் மயக்குவது. ஆனால் 1848 ஜனவரியில், கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபாரம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்தாள். அதன் பின்னும் இத்தகைய மரணங்கள் தொடர்ந்தன. அபாயத்தை முன்னறிவிப்பது எது என்பதில் மருத்துவ உலகம் இரண்டுபட்டது. நாடியில் விரல் வைத்திரு என்றது லண்டன் தரப்பு. மூச்சைக் கவனி, அது போதும் என்றது எடின்பரோ தரப்பு.

இந்த வழக்கிற்குத் தீர்ப்பு வழங்க நம் நாட்டின் ஹைதராபாத் சமஸ்தானம் முன்வந்தது. அங்குப் பணியாற்றிய எட்வர்டு லாரி எடின்பரோ மரபில் பயின்றவர். நிஜாமின் பொருளுதவியோடு 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபாரம் ஆய்வுக்குழுக்கள் அமைந்தன. இரண்டாவது குழுவில் பங்கேற்க லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் கடல் கடந்து வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை செய்தபின், மூச்சுதான் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று குழு அறிவித்தது. இத்தீர்ப்பு நிலைக்கவில்லை. குளோரோஃபாரம் மயக்கம் இலேசாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்பதை 1911-இல் குட்மன் லெவி பூனைகளில் செய்த சோதனைகளால் காட்டினார். ஒரே ஒரு குறியை நம்பி மற்றவற்றைக் கைவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது உணர்த்தியது.

கெடலின் அட்டவணை

முதல் உலகப் போரின்போது, பிரான்சில் அமெரிக்கப் படையின் மருத்துவமனைகளில் காயமுற்றோர் வந்து குவிந்தனர். பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர்களோ மிகச் சிலர். அவர்களுள் ஒருவரான ஆர்தர் கெடல், செவிலியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஈதர் கொடுக்கக் கற்றுத்தந்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குப் போய் மேற்பார்வையிட்டார். தாம் அருகில் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு வழிகாட்ட ஒரு சுவரட்டவணை தயாரித்தார். அது 1920-இல் அச்சில் வெளியாயிற்று.

மயக்கத்தை நான்கு நிலைகளாகவும், அறுவைக்கு ஏற்ற மூன்றாம் நிலையை மேலும் நான்கு தளங்களாகவும் அவர் வகுத்தார். இமையைத் தொட்டால் துடிக்கிறதா? விழிகள் உருள்கின்றனவா, நிலைத்துவிட்டனவா? கண்பாவை விரிந்திருக்கிறதா? மார்பு அசைகிறதா, வயிறு மட்டும் ஏறி இறங்குகிறதா? இவற்றைப் பார்த்தாலே நோயாளி எந்தத் தளத்தில் இருக்கிறார் எனக் கூறிவிடலாம். கருவி எதுவும் தேவையில்லை. ஈதர் புழங்கிய காலம் முழுவதும் இந்த அட்டவணை பாடநூல்களில் இடம்பெற்றது.

அம்பு நஞ்சு வந்தது

தென் அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டைக்குப் பயன்படுத்திய நஞ்சு குராரே. அது நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை மறித்துவிடும். 1942 ஜனவரி 23 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் அறுவை செய்துகொண்ட ஓர் இளைஞருக்குத் தூய்மைப்படுத்திய குராரேயைச் செலுத்தினர். வயிற்றுத் தசைகள் தளர்ந்தன. தசையைத் தளர்த்துவதற்காக இனி ஈதரை அளவுக்கு மீறி ஊட்ட வேண்டியதில்லை. குறைந்த மயக்கமே போதும். இது எண்ணற்ற உயிர்களைக் காத்த முன்னேற்றம்.

ஆனால் கெடலின் அட்டவணை அன்றே பயனற்றுப் போகத் தொடங்கியது. மூச்சு இயந்திரத்தின் வசம். இமை துடிக்காது, விழி உருளாது, வலித்தாலும் கை விலகாது. அட்டவணை கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை தசைகளைப் பற்றியவை. தசைகள் வாயடைக்கப்பட்டபின் அவற்றிடம் சாட்சி கேட்டு என்ன பயன்?

குராரே மூளையையும் மயக்குமா என்ற ஐயம் அப்போது சிலருக்கு இருந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தம் உடலிலேயே சோதனை நடத்தினார். மயக்க மருந்து ஏதுமின்றி, மூச்சு அடங்கும் அளவுக்கும் மேற்பட்ட குராரே அவருக்குச் செலுத்தப்பட்டது. உடன் இருந்தவர்கள் செயற்கை மூச்சு கொடுத்தனர். மருந்து தெளிந்ததும், நடந்தவை அனைத்தையும் அவர் விவரித்தார். நினைவு ஒரு கணமும் மங்கவில்லை; வலியும் குறையவில்லை. 1947-இல் இது வெளியானது.

அவர் விரும்பி ஏற்றுக்கொண்ட இந்த நிலை, அறியாமலே சில நோயாளிகளுக்கு நேர்ந்தது. அறுவையின் நடுவே விழித்துக்கொண்டு, விரலைக்கூட அசைக்க முடியாமல், மருத்துவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். சிலர் வலியையும் அனுபவித்தார்கள். வீடு திரும்பியபின் தூங்க அஞ்சினார்கள். அதைவிடக் கொடுமை, பலர் சொன்னதை எவரும் நம்பவில்லை. கனவு கண்டிருப்பாய் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கட்டி வைத்த கை

1977-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் மைக்கேல் டன்ஸ்டல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். தசைத் தளர்த்தி மருந்தைச் செலுத்துமுன், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை நோயாளியின் ஒரு கையில் இறுகக் கட்டிவிட வேண்டும். இரத்தம் போகாத கைக்கு மருந்தும் போகாது. உடலெங்கும் தளர்ந்தாலும் அந்த ஒரு கை மட்டும் நோயாளியின் வசமே இருக்கும். பின்பு அவர் காதருகே பெயர் சொல்லி அழைத்து, கேட்கிறதென்றால் என் கையை அழுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்.

சிலர் அழுத்தினார்கள்! ஆனால் அவர்களுள் பலருக்கு விழித்தபின் அது நினைவில் இல்லை. அப்போது விழிப்புடன் இருப்பதும், பின்னர் நினைவு கூர்வதும் வெவ்வேறு என்பது இதனால் விளங்கியது. மயக்கத்தின் ஆழம் என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது ஒரே பொருளைத்தானா என்ற ஐயமும் பிறந்தது.

மூச்சுக் காற்றில் ஓர் அளவுகோல்

அமெரிக்காவில் மெர்க்கெல், ஈகர் ஆகிய இருவர் 1963-இல் வேறு திசையில் சென்றனர். நோயாளி வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதி நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது. அதில் உள்ள மயக்க ஆவியின் அளவு, இரத்தத்திலும் மூளையிலும் உள்ள அளவை ஏறக்குறையக் காட்டும். தோலைக் கீறும்போது நூற்றுக்கு ஐம்பது பேர் அசையாதிருக்க எவ்வளவு ஆவி வேண்டுமோ, அதையே அம்மருந்தின் அலகாகக் கொண்டனர். ஹாலத்தேனுக்கு இது சுமார் 0.75 சதவீதம், ஈதருக்குச் சுமார் 1.9 சதவீதம். இன்று அறுவைக் கூடங்களில் இந்த அளவைக் காட்டும் கருவி, ஆவி மூலக்கூறுகள் அகச்சிவப்புக் கதிரை உட்கவரும் பண்பைக் கொண்டு இயங்குகிறது.

இங்கும் ஒரு திருப்பம் காத்திருந்தது. 1993-இல் ஐரா ராம்பிலும் அவர்தம் குழுவினரும் எலிகளின் முன்மூளையை நீக்கிவிட்டு இதே அளவைக் கண்டனர். அது மாறவே இல்லை! அப்படியானால், கீறும்போது அசையாதிருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. அசைவின்மையைக் கொண்டு மூளையின் உறக்கத்தை முடிவு செய்ய முடியாது. மூச்சிலுள்ள ஆவி எவ்வளவு என்பது மிகப் பயனுள்ள செய்திதான். எனினும் அது மருந்தின் அளவு, மயக்கத்தின் அளவன்று.

மூளையின் அலைகள்

அப்படியானால் மூளையையே கேட்டால் என்ன? ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். தலைத் தோலில் இந்த அலைகளின் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்களே. ஒரு டார்ச் செல்லின் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! கண்மூடி அமைதியாக இருப்பவருக்கு நொடிக்குச் சுமார் பத்து அலைகள் எழுவதை அவர் கண்டார்.

மயக்க மருந்து இந்த அலைகளை மாற்றிவிடுகிறது. மயக்கம் ஆழ்ந்து செல்லச் செல்ல, பெரும்பாலான மருந்துகளில் அதிர்வெண் குறைகிறது, வீச்சு பெருகுகிறது. மேலும் ஆழ்ந்தால் அலை இடையிடையே அடங்கி மீண்டும் எழும். இறுதியில் நேர்கோடாகிவிடும். 1937-இல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதியரும் லெனாக்சும், மயக்கத்தின் ஆழத்தை இதனால் அளக்கலாம் என்று கருத்துரைத்தனர். 1950-இல் மேயோ மருத்துவமனையில் ரெஜினால்டு பிக்ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே சென்றார். மூளை அலையின் வலுவைக் கொண்டே மயக்க மருந்தைச் செலுத்தும் தானியங்கிக் கருவியை அமைத்துக் காட்டினார். ஆனால் அது பரவவில்லை. கருவிகள் பெரியவை, அலைகளைப் படிக்கத் தனித் தேர்ச்சி வேண்டும், புதிய மருந்து ஒவ்வொன்றும் அலைகளை ஒவ்வொரு விதமாக மாற்றியது.

அலை, எண்ணாக மாறியது

கணிப்பொறி இக்குறையைத் தீர்க்க வந்தது. நெற்றியில் ஒட்டிய மின்வாய்களில் கிடைக்கும் அலையைக் கணிப்பொறி பல அதிர்வெண்களாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றின் வலுவை மட்டுமன்றி, அவற்றின் கட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளனவா என்றும் ஆராய்கிறது. இரு வாத்தியக்காரர்கள் தனித்தனி அறையில் வாசிப்பதற்கும், ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பது போன்றது இது. முடிவில் திரையில் ஒரே ஓர் எண் தோன்றும். முழு விழிப்புக்கு 100. அலையே இல்லையென்றால் 0. அறுவைக்கு ஏற்றது 40 முதல் 60 வரை. பி.ஐ.எஸ். எனப்படும் இக்கருவிக்கு 1996-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

அறுவையின் நடுவே விழிப்பதை இந்த எண் தடுக்கிறதா? விழிக்கும் வாய்ப்பு மிகுந்த 2,463 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. கருவியுடன் 2 பேரும், கருவியின்றி 11 பேரும் விழித்திருந்தனர். கருவிக்கு வெற்றி! ஆனால் 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவியில்லாத பிரிவினருக்கு மூச்சிலுள்ள மயக்க ஆவி குறைந்தால் மணி ஒலிக்கும்படி செய்தார்கள். அப்போது இரு பிரிவிலும் 2 பேர் வீதமே விழித்தனர். சுமார் 6,000 பேரை உட்படுத்திய 2011-ஆம் ஆண்டு ஆய்விலும் மூளையலைக் கருவி மேலானதாகத் தெரியவில்லை.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. பத்துத் தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்து இல்லாமல் தசைத் தளர்த்தி மட்டும் கொடுக்கப்பட்டது. அவர்கள் முழு விழிப்பில் இருந்தார்கள். கட்டிய கையால் கேள்விகளுக்கு விடையும் தந்தார்கள். ஆனால் கருவியின் எண் 60-க்குக் கீழே, 44 வரைகூட இறங்கியது. காரணம் என்ன? நெற்றித் தசைகளும் மின்னலைகளை எழுப்புகின்றன. மூளையின் வேக அலைகளோடு அவையும் கலந்து கருவிக்குள் செல்கின்றன. தசைகள் அடங்கியதும், மூளையே அடங்கியதாகக் கருவி கணக்கிட்டுவிட்டது. கெடலின் அட்டவணையைக் கவிழ்த்த அதே குராரே இனம், கணிப்பொறியையும் ஏமாற்றிவிட்டது!

வெப்பமானிக்கு உள்ள பேறு

இயற்பியல் மாணவர்கள் வெப்ப இயக்கவியலின் சுழியாம் விதியைப் படித்திருப்பார்கள். ஒரு பொருளுடன் தனித்தனியே வெப்பச் சமநிலையில் உள்ள இரு பொருள்கள், தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும். வெப்பமானி சாத்தியமாவது இந்த விதியால்தான். 37 டிகிரி என்றால் நீருக்கும் இரும்புக்கும் உடம்புக்கும் ஒரே பொருள்.

மயக்கத்திற்கு அத்தகைய விதி எதுவும் கிடைக்கவில்லை. கெட்டமின் என்ற மருந்தால் ஒருவர் உணர்விழந்து கிடக்கும்போது, மூளையலை எண் உயர்ந்தே நிற்கும். நைட்ரஸ் ஆக்சைடு அந்த எண்ணை அதிகம் அசைப்பதில்லை. ஒரு மருந்தின் 50 மற்றொரு மருந்தின் 50 அன்று. ஸ்நோவின் படிகள் முதல் கணிப்பொறி எண் வரை நாம் அளந்தவை எல்லாம் மயக்கத்தை ஒட்டி நிகழும் வேறு ஏதோ ஒன்றைத்தான்: மூச்சை, தசையை, ஆவியை, அலையை. மருந்து மாறினால் அந்த ஒட்டுறவும் அறுந்துபோகிறது.

விழிப்பு எவ்வளவு அரிது என்பதும் அளக்கும் முறையைப் பொறுத்தே அமைகிறது. ஸ்வீடனில் 11,785 நோயாளிகளை நேரில் பலமுறை வினவியபோது 18 பேர் தாம் விழித்திருந்ததாகக் கூறினர். 2000-இல் இது வெளியானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும், நோயாளிகள் தாமாக முன்வந்து சொன்னவற்றை மட்டும் தொகுத்த 2014-ஆம் ஆண்டு அறிக்கையோ, சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்றது. தசைத் தளர்த்தி கொடுக்கப்பட்டால் 8,000-க்கு ஒருவர். கொடுக்கப்படாவிட்டால் 1,36,000-க்கு ஒருவர். எனவே அறுவைக்குச் செல்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தாம் உண்ணும் மருந்துகள், மதுப் பழக்கம், முந்தைய அறுவையில் நேர்ந்தவை ஆகியவற்றை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது நன்று. விழித்தபின் ஏதேனும் நினைவிருந்தால் அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்பவர் நம்பிக் கேட்க வேண்டும்.

இன்று நல்ல மருத்துவர் எந்த ஒரு குறியையும் தனித்து நம்புவதில்லை. நாடி, இரத்த அழுத்தம், மூச்சிலுள்ள ஆவி, மூளையலை, தசைகளின் தளர்ச்சி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். மருந்துக் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் பார்க்கிறார். எண் 45 என்று காட்டினாலும், மேசைமீது கிடப்பவரின் வியர்வையையும் கண்ணீரையும் கவனிக்கிறார். ஏனெனில் அந்த நேரத்தில் தமக்காகப் பேச முடியாத ஒருவருக்கு அவரைத் தவிர வேறு நாதியில்லை.

மயக்கத்தின் ஆழத்தை அளக்க வேண்டுமானால், விழிப்பு என்பது மூளையில் எவ்வாறு உண்டாகிறது என்பது முதலில் விளங்க வேண்டும். அது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. மின்னலைகளையும் கணிதத்தையும் கற்கும் மாணவர்களுக்கும் அதில் பங்குண்டு. இதைப் படிக்கும் இளைஞர்களுள் ஒருவர் நாளை அதை எடுத்துக்கொண்டாலும், அறுவை மேசையில் பேச இயலாமல் கிடக்கும் எத்தனையோ பேருக்கு அது குரலாக அமையும்.